இருக்கிற இழுப்பைக் கூட்டுவதற்கு ஒரு சொல்

போன மார்கழியில் எங்கள் பெரியம்மா இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வந்தார். இழுப்பு. அவருக்கு அது புதிதில்லை, எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்தே பனி இறங்கும் மாதங்களில் அவர் வீட்டு முன்திண்ணையான இஸ்தோப்பில் குந்தியிருந்து மூச்சை எண்ணி எண்ணி விடுவதைப் பார்த்திருக்கிறேன். வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு டயக்னோசிஸ் கார்ட் கொடுத்திருந்தார்கள். அதை என்னிடம் நீட்டி, "என்ன எழுதியிருக்காங்கன்னு பாருய்யா" என்றார். டாக்டர் கையெழுத்துக்கு அது கொஞ்சம் தெளிவாகவே இருந்தது: அக்யூட் எக்ஸாஸர்பேஷன் ஒஃப் பிரொங்கியல் அஸ்மா.

"ஏற்கனவே இருந்த இழுப்பு திடீர்னு கூடியிருக்காம் பெரியம்மா."

"கூடினதாலதானே போனேன். அத எனக்கே எழுதித் தர்றாங்களா?"

அவர் சொன்னதில் தப்பே இல்லை. ஆனால் அந்த எக்ஸாஸர்பேஷன் என்ற சொல் எனக்குள் மாட்டிக்கொண்டது. அதன் வினைச்சொல் இக்ஸாஸர்பேட். ஆங்கிலப் பத்திரிகையிலும், எங்கள் மலையகத்தை, அதாவது இலங்கையின் தேயிலைத் தோட்டப் பகுதியைப் பற்றி யாராவது எழுதும் அறிக்கைகளிலும் பத்துப் பக்கத்துக்கு ஒருமுறையாவது தலைகாட்டுகிற சொல். ஏ.எல். பரீட்சை எழுதும் பிள்ளைகள் கட்டுரையில் போட்டால் மார்க்ஸ் கூடும் என்று நம்புகிற சொல்லும்கூட. "மோசமாக்கு" என்று அர்த்தம் சொல்லிவிட்டுப் போய்விடலாம்தான். போனால் சுவாரசியமான பாதி போய்விடும்.

முதலில் அர்த்தம். பெரியம்மாவின் கார்டிலேயே அது இருக்கிறது. இழுப்பு ஏற்கனவே இருந்தது, அது கூடியது. இந்தச் சொல்லுக்கு முன்நிபந்தனையே அதுதான்: கெட்டது ஒன்று முன்னாலேயே இருக்க வேண்டும். நன்றாக இருந்த ஒன்றைக் கெடுத்தால் அது இக்ஸாஸர்பேட் இல்லை, புதிதாக ஒரு கேட்டை உண்டாக்கினாலும் இல்லை. புண் இருக்க வேண்டும், அதன் மேல் ஏதாவது பட வேண்டும். அதனால்தான் ஆங்கிலத்தில் இதற்குச் செயப்படுபொருளாக வருகிறவை எல்லாமே பிரச்சினை, வலி, நோய், வறுமை, பகை, பற்றாக்குறை என்று ஒரே இனத்துச் சொற்களாக இருக்கும். மகிழ்ச்சியை இக்ஸாஸர்பேட் பண்ணினார்கள் என்று யாரும் எழுதுவதில்லை, எழுதினால் அது நையாண்டி.

நம்முடைய பழமொழிகளை வைத்தே இதைச் சோதித்துப் பார்க்கலாம். "வெந்த புண்ணில் வேல் பாய்ச்சினாற்போல" என்பது அச்சொட்டாக இந்தச் சொல். "எரிகிற கொள்ளியில் எண்ணெய் ஊற்றுவது", இதுவும். ஆனால் "சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி" என்பது இல்லை, ஏனென்றால் சங்கு சும்மாதானே கிடந்தது, அதற்கு ஒரு வருத்தமும் இருக்கவில்லை. "பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது" என்பதும் இல்லை, அது நோக்கம் பிசகிய கதை. "கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது" வேறு ஒரு கதை, அங்கே பிரச்சினையே புதிது. இந்த வித்தியாசம் பிடிபட்டால் சொல் பிடிபட்ட மாதிரி.

சரி, இது எங்கிருந்து வந்தது?

ஆங்கிலத்துக்கு இந்த வினைச்சொல் வந்தது 17ஆம் நூற்றாண்டின் நடுவில். கார்டில் இருக்கிற பெயர்ச்சொல் அதற்கு முன்னாலேயே வந்துவிட்டது. காய்ச்சல் விட்டுவிட்டு வரும்போது ஒவ்வொரு தடவையும் ஏறுகிற கட்டத்தைப் பழைய வைத்தியர்கள் அப்படி அழைத்தார்கள், ஆகவே பெரியம்மாவின் டாக்டர் பழைய பொருளில்தான் எழுதியிருக்கிறார், அரசியல் கட்டுரை எழுதுகிறவர்கள்தான் பிற்பாடு கடன் வாங்கியவர்கள். சொல்லின் தாய்வீடு லத்தீன். முன்னால் நிற்கும் "எக்ஸ்" அங்கே "முழுக்க, தீர" என்று அழுத்தம் கொடுக்கிற முன்னொட்டு. உள்ளே இருப்பது அகெர்புஸ். இந்த அகெர்புஸ்தான் விசயம்.

அகராதியில் பார்த்தால் கசப்பான, கடுமையான என்று போட்டிருக்கும். ரோமர்கள் அதை முதன்மையாக ஒரு சுவைக்குச் சொன்னார்கள்: பழுக்காத காயின் சுவை. திராட்சை பிஞ்சாக இருக்கும்போது கடித்தால் வாய் என்ன செய்யுமோ அது. நமக்கெல்லாம் சின்ன வயதிலேயே தெரிந்த நரிக் கதை ஒன்று இருக்கிறதே, எட்டாத திராட்சையைப் பார்த்து "சீச்சீ, இந்தப் பழம் புளிக்கும்" என்று போன நரி, அந்தக் கதையை முதல் நூற்றாண்டில் லத்தீன் செய்யுளாக எழுதிய பைத்ருஸ் நரியின் வாயில் வைத்த சொல் இதுதான். இன்னும் பழுக்கவில்லை, அகெர்புஸாக இருப்பதை நான் தின்ன மாட்டேன் என்கிறது நரி. ஆக, ஐக்கிய நாடுகள் அறிக்கையில் கோட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் இந்த வினைச்சொல்லின் பாட்டி நரிக்கு எட்டாத திராட்சைக் குலை.

"புளிக்கும்" என்று நாம் சொல்லிப் பழகிவிட்டோம். எனக்கென்னவோ அகெர்புஸுக்குச் சரியான தமிழ் புளிப்பும் இல்லை கசப்பும் இல்லை, துவர்ப்பு என்றுதான் படுகிறது, அல்லது துவர்ப்பும் புளிப்பும் கலந்த அந்தக் காய்த்தன்மை. அறுசுவை என்று எண்ணிவைத்த மொழி நம்முடையது, ஆறில் ஒன்றாகத் துவர்ப்புக்குத் தனி நாற்காலி போட்டிருக்கிறோம். ஆங்கிலத்தில் அதற்கு அன்றாடச் சொல்லே கிடையாது, மருந்துக்கடைச் சொல் ஒன்றுதான் உண்டு. துவர்ப்பு சுவையே இல்லை, தொடுவுணர்ச்சி என்று வாதிடுகிற விஞ்ஞானிகளும் நிறையப் பேர். காய்களில் இருக்கும் டானின் என்ற பொருள் எச்சிலில் உள்ள புரதங்களைப் பிடித்துக் கட்டியாக்கிவிடுகிறது, எச்சில் கொடுக்கிற வழுவழுப்பு போய்விடுகிறது, நாக்கும் கன்னத்தின் உட்பக்கமும் ஒன்றோடொன்று உரசுகின்றன. கொய்யாப் பிஞ்சைக் கடித்துவிட்டு வாயைச் சப்பிக்கொண்டு திரிந்த எல்லாருக்கும் இது தெரியும். பழுக்கப் பழுக்க அந்த டானின் கரையாத வடிவுக்கு மாறிவிடும், அப்புறம் அதே கொய்யா இனிக்கும்.

இங்கே இருக்கிற நமக்கு இன்னும் கிட்டத்தில் ஒரு உதாரணம் இருக்கிறது. தேயிலை. தேத்தண்ணியின் துவர்ப்பும் இதே இனத்துப் பொருட்களால்தான், பொலிபீனோல் என்று பொதுப்பெயர். கொதிதண்ணீரில் தூளைப் போட்டு மூன்று நான்கு நிமிடத்தில் வடித்தால் அளவான துவர்ப்பு, அதை நம்மவர்கள் கெட்டது என்று சொல்ல மாட்டார்கள், தேயிலை ருசிபார்க்கிறவர்களோ அந்தச் சுருக்கென்ற தன்மையைத் தேடித்தான் வருகிறார்கள். பெப்ரவரியில் டிம்புள்ளைப் பக்கமும், ஆகஸ்டில் காற்றடிக்கும்போது ஊவாப் பக்கமும் வருகிற தேயிலைக்கு ஏலத்தில் மதிப்பு கூடுவதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் தூளை வடிக்காமல் அடுப்போரத்தில் மறந்துவிட்டுக் கொழுந்து எடுக்கப் போய், பத்து மணிக்கு வந்து அதையே ஊற்றிக் குடித்துப் பாருங்கள். சாயம் ஏறி, நாக்கில் ஒட்டிக்கொண்டு, சீனி போட்டாலும் அடங்காது. புதிதாக எதையும் யாரும் சேர்க்கவில்லை, இருந்ததே கூடிப்போய்விட்டது. லத்தீன்காரன் அந்தக் கோப்பையைக் கையில் வாங்கியிருந்தால் வேறு விளக்கம் தேவைப்பட்டிருக்காது. பால் ஊற்றினால் ஏன் அடங்குகிறது என்றால், பாலில் இருக்கும் கேசின் என்ற புரதம் எச்சிலுக்கு முந்திக்கொண்டு அந்தப் பொருட்களைப் பிடித்துக்கொள்கிறது. இக்ஸாஸர்பேட்டுக்கு எதிர்ச்சொல் கேட்கிறவர்களுக்கு நான் ஒரு கோப்பைப் பால் தேத்தண்ணியைத்தான் காட்டுவேன்.

அகெர்புஸுக்கு இன்னொரு முகமும் இருந்தது. பழுக்காதது என்றால் காலம் வராதது. அதனால் இளம் வயதில், குழந்தையில் வருகிற சாவுக்கும் ரோமர்கள் இதே சொல்லைப் போட்டார்கள். நாம் "பிஞ்சு உயிர்" என்று சொல்வதற்கும் அதற்கும் நடுவில் எந்தத் தொடர்பும் இல்லை, இரண்டு கூட்டத்தார் தனித்தனியாகத் தோட்டத்தைப் பார்த்துச் சொன்னது. அப்புறம் கடுமையாகப் பேசுகிற நாக்குக்கும் சொன்னார்கள், இன்றைக்கும் ஆங்கிலத்தில் சுருக்கென்று குத்துகிற பேச்சை அசெர்பிக் என்கிறார்கள். இந்த இடத்தில் வள்ளுவர் ஞாபகம் வராமல் போகாது:

இனிய உளவாக இன்னாத கூறல்
கனியிருப்பக் காய்கவர்ந் தற்று.

100ஆவது குறள். பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் பண்ணும்போது இதில் கனிக்கும் காய்க்கும் ருசி வித்தியாசம் என்று மட்டும்தான் நினைத்தேன். கடுஞ்சொல் பழுக்காத காய் என்று தமிழில் ஒருவர் சொல்கிறார், லத்தீனில் அதே காய்க்குரிய சொல் கடுஞ்சொல்லுக்கும் ஆகிறது. கடன் வாங்கியது கிடையாது, வாய் ஒன்றுதானே.

ஆனால் மோசமாவது என்று வரும்போது தமிழ் நேரெதிராகப் போகிறது. இதைக் கவனித்தபோதுதான் இந்தக் கட்டுரையை எழுத வேண்டும் என்று தோன்றியது. நோய் கூடினால் நாம் என்ன சொல்கிறோம்? முற்றிவிட்டது. வாய்ச்சண்டை? முற்றிப்போய் அடிதடி ஆகிவிட்டது. பைத்தியம்கூட முற்றுகிறது. லத்தீனில் கேடு பிஞ்சின் பக்கம், தமிழில் கேடு முற்றலின் பக்கம். அங்கே பழுக்காததால் கஷ்டம், இங்கே பிஞ்சிலேயே கிள்ளாமல் விட்டதால் கஷ்டம். முள்மரத்தை இளசாக இருக்கும்போதே வெட்டு, வைரம் ஏறிய பிறகு அது வெட்டுகிறவன் கையை வெட்டும் என்று வள்ளுவர் இன்னொரு இடத்தில் சொல்வதும் இந்தக் கணக்குத்தான்.

தேயிலை மலையில் வளர்ந்தவனுக்கு முற்றுவது கெட்டது என்பது விளக்கம் தேவைப்படாத விசயம். இரண்டு இலையும் ஒரு மொட்டும், அதுதான் கொழுந்து. சுற்று பிந்திப்போய், ஏழு நாளில் எடுக்க வேண்டிய மலைக்குப் பன்னிரண்டு நாள் கழித்துப் போனால் இலை முற்றிக் கிடக்கும், கையால் ஒடித்தால் ஒடியாது, நார் இழுக்கும், கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் அதைக் கிளறிப் பார்த்துவிட்டுக் கணக்கப்பிள்ளை முகத்தைச் சுளிப்பார். திராட்சைக்காரனுக்கு முற்ற வேண்டும், தேயிலைக்காரனுக்கு முற்றக் கூடாது. "முற்றுதல்" தேயிலை வருவதற்கு ஆயிரம் வருசம் முந்திய சொல் என்பது எனக்கும் தெரியும், ஆனாலும் அது நமக்கென்றே செய்த மாதிரி இருக்கிறது.

அகெர்புஸின் வேரைத் தோண்டினால் இன்னும் பழைய ஒரு அசை வரும், "அக்" என்று மொழியியலாளர்கள் மீட்டெடுத்திருக்கிறார்கள், கூர் என்று பொருள். அந்த ஒரு கூரிலிருந்து வந்த கூட்டம் பெரிது. அசிட் அதிலிருந்துதான். வினிகரின் பின்பாதியும் அதுதான், பிரெஞ்சில் அது வெறும் "புளித்த வைன்". பெரியம்மாவின் கார்டில் முதலில் இருந்த அக்யூட் கூட அதே வேர், அதாவது அந்தக் கார்டில் கூர் என்ற கருத்து இரண்டு தடவை எழுதப்பட்டிருக்கிறது, அவருக்கு நெஞ்சில் குத்தியதும் உண்மைதான். ஒட்சிசனின் முன்பாதி கிரேக்க வழியில் வந்த உறவு, அமிலத்தை உண்டாக்குவது அதுதான் என்று லவாசியே தப்பாக நினைத்துக்கொண்டு 18ஆம் நூற்றாண்டில் வைத்த பெயர். இழுப்பு கூடினவருக்கு மூக்கில் மாட்டுகிற ஒட்சிசனும், அவருக்கு இழுப்பு கூடியது என்று எழுதுகிற சொல்லும் ஒரே குடும்பம் என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை, சொன்னால் எனக்குத்தான் முற்றிவிட்டது என்பார். நம்மிடமும் கூர் இருக்கிறது: இரண்டு பேருக்குள் இருக்கும் மனஸ்தாபத்தைப் பெரிதாக்குகிறவனை "கொம்பு சீவி விடுகிறான்" என்கிறோம். மாட்டுக்கு ஏற்கனவே கொம்பு இருக்கிறது, இவன் கூர்மைதான் ஆக்குகிறான். மொழிபெயர்ப்புப் பரீட்சையில் இதை எழுதினால் மார்க்ஸ் கிடைக்குமா தெரியாது, பொருத்தம் என்னவோ அபாரம்.

இக்ஸாஸர்பேட்டுக்கு ஒரு பங்காளி உண்டு, அக்ரவேட். இதன் உள்ளே இருப்பது வாய் இல்லை, முதுகு. லத்தீனில் கிராவிஸ் என்றால் பாரமான. பாரத்தின் மேல் பாரம் ஏற்றுவது அக்ரவேட். புவியீர்ப்பைச் சொல்கிற கிராவிட்டி, துக்கத்தைச் சொல்கிற கிரீஃப், எல்லாம் அந்தப் பாரத்திலிருந்து வந்தவை, "மனசு கனக்குது" என்று நாம் சொல்வதில்லையா, அதே வழி.

அக்ரவேட்டை எனக்கு யாரும் அகராதி பார்த்துச் சொல்லித் தரத் தேவையில்லை. அம்மா மழையில் கொழுந்து எடுத்துவிட்டு வருவதைப் பார்த்தாலே போதும். தலையில் கயிறு போட்டுத் தொங்கும் கூடை, உள்ளே பதினைந்து கிலோவோ அதற்கு மேலோ, மழை பெய்தால் இலையோடு தண்ணீரும் ஏறும், படங்கு கட்டின இடுப்பும் நனைந்து கனக்கும், பாதை வழுக்கும். முதுகுக்கு அந்தத் தண்ணீர் முழுப் பாரம். மடுவத்தில் தராசில் வைத்ததும் தண்ணிக்கு என்று இத்தனை கிலோ கழிப்பார்கள். சுமந்தபோது இருந்த பாரம் நிறுக்கும்போது இல்லை. குறித்த கிலோ வராவிட்டால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான். மழை அக்ரவேட் பண்ணியது, தராசு அதை இக்ஸாஸர்பேட் பண்ணியது என்று வைத்துக்கொள்ளலாம், இரண்டு சொல்லுக்கும் நடுவில் உள்ள நெருக்கம் அவ்வளவுதான். நடைமுறையில் பல இடங்களில் ஒன்றுக்குப் பதில் மற்றதைப் போடலாம். ஒரே ஒரு வேறுபாடு, அக்ரவேட்டுக்கு "எரிச்சல் மூட்டு" என்றும் ஒரு பேச்சுவழக்குப் பொருள் 17ஆம் நூற்றாண்டிலிருந்தே இருக்கிறது. அது தவறு என்று இலக்கணம் பிடிக்கிற ஆட்கள் முறைத்துக்கொண்டே இருக்கிறார்கள், சனங்கள் கேட்கவில்லை.

இந்தக் கிராவிஸுக்கு நம்மூரில் ஒரு சொந்தக்காரர் இருக்கிறார், யாரும் எதிர்பார்க்க மாட்டார்கள். குரு. சமஸ்கிருதத்தில் குரு என்றால் முதலில் பாரமானது, கனமானது என்று அர்த்தம், கனமான மனிதர் ஆசிரியரானார். குருவிலிருந்து வந்ததுதான் கௌரவம், அதாவது கனம். இந்திய-ஐரோப்பிய மொழிக்குடும்பத்தில் லத்தீனின் கிராவிஸும் சமஸ்கிருதத்தின் குருவும் ஒரே வேர். நம் தோட்டங்களில் ஒரு சின்னச் சண்டை, கோழி பக்கத்துக் காம்பராத் தோட்டத்தைக் கிளறியது மாதிரி ஒன்று, எப்போது பெரிதாகும் என்றால் யாராவது "இது கௌரவப் பிரச்சினை" என்று சொல்லும்போதுதான். சொல்லின் வரலாறு தெரியாமலே மிகச் சரியாகச் சொல்கிறார்கள்.

இக்ஸாஸர்பேட்டோடு குழப்பிக்கொள்ளப்படுகிற இன்னொன்று எக்ஸாஸ்பரேட். எழுத்தும் ஒலியும் கிட்டக் கிட்ட. அதன் உள்ளே அஸ்பெர், சொரசொரப்பு. ஒரு ஆளைப் பொறுமை இழக்க வைப்பதுதான் இன்று அதன் வேலை, ஆகவே பிரச்சினையை இக்ஸாஸர்பேட் பண்ணுகிறார்கள், மனுசனை எக்ஸாஸ்பரேட் பண்ணுகிறார்கள் என்று வைத்துக்கொண்டால் பிசகாது. எஸ்கலேட் என்பது வேறு வம்சம். 1900இல் பாரிஸ் கண்காட்சியில் ஓட்டிஸ் கம்பனி காட்டிய மின்படிக்கட்டின் வியாபாரப் பெயர் எஸ்கலேட்டர், அதிலிருந்து பின்னோக்கி உருவிய வினை அது, பனிப்போர்க் காலத்தில்தான் சண்டை படிப்படியாக ஏறுவதைச் சொல்லத் தொடங்கினார்கள். மிச்சம் இருப்பது வொர்சன். சாதாரணமான, நேர்மையான பழைய ஆங்கிலச் சொல். நான் ஆங்கிலத்தில் எழுதினால் பத்தில் எட்டு இடத்தில் அதைத்தான் போடுவேன்.

இனி, நம் கதையில் இந்தச் சொல் எங்கே உட்காரும் என்று பார்க்கலாம், ஏனென்றால் மலையகத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் இதை இறைக்கிற இறைப்பில் எதற்கு எது காரணம் என்பதே மறைந்துபோகிறது.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளித் தோட்டத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. இது இக்ஸாஸர்பேட் இல்லை. இது உண்டாக்கியது. வெட்டியது. அடுத்த வருசம், 1949இல், தேர்தல் சட்டத்தைத் திருத்திப் பிரஜையாக இல்லாதவருக்கு வாக்கும் இல்லை என்றார்கள். அதுதான் வெந்த புண்ணில் வேல், இங்கே அந்தச் சொல் சரியாக உட்காரும், ஏனென்றால் வாக்கு இல்லாததால் பிரஜாவுரிமையைக் கேட்டு வாங்குவதற்கான அரசியல் பலமும் போனது, முதல் கேடு ஆழமானது. 1964இல் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்துகொண்ட சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்குப் போட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று பிரித்தது. அதை என்னவென்று சொல்வது? தீர்வு என்று சொல்லி வந்தது, பல குடும்பங்களில் அண்ணனை ஒரு நாட்டுக்கும் தம்பியை ஒரு நாட்டுக்குமாகப் பிரித்தது. எங்கள் வீட்டிலும். நாடற்ற நிலையைக் குறைத்தது என்று ஒரு கணக்கு, பிரிவு என்ற புதிய கேட்டை உண்டாக்கியது என்று இன்னொரு கணக்கு. ஒரே வினைச்சொல்லில் இதை அடைக்க முடியாது, அடைக்கவும் கூடாது. "பிரஜாவுரிமைச் சட்டங்கள் மலையக மக்களின் நிலையை மோசமாக்கின" என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போகும்போது, முதல் வெட்டை வெட்டியது யார் என்பது அந்த வரிக்குள் காணாமல் போகிறது.

மண்சரிவிலும் இதே குழப்பம். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியாபெத்தையில் மலை இறங்கித் தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களை மூடியது. மழைதான் காரணம் என்று சொல்கிறவர்களும் உண்டு, மழை மோசமாக்கியது என்று எழுதுகிறவர்களும் உண்டு. சாய்வான மலையில் மண்ணுக்குள் தண்ணீர் இறங்கி நிறைந்தால் மண்துகள்களுக்கு நடுவில் நீரழுத்தம் கூடும், ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருந்த பிடி தளரும், மேல் மண் நழுவும். மழை அங்கே விசையைத் தட்டுகிறது. கான் என்கிற வடிகாலை வெட்டாமல் விட்டது, இருந்த கான் தூர்ந்துபோனது, சரிவை வெட்டிப் பாதை போட்டது, மரத்தை எடுத்தது, இவைதான் பொதுவாக எந்த மலையிலும் ஆபத்தை இக்ஸாஸர்பேட் பண்ணுகிறவை. பழைய காலத்துத் தோட்டங்களில் கான் வெட்டு என்பது தனி வேலை, தனி ஆள், மழைக்கு முன்னால் முடிந்திருக்க வேண்டும். தண்ணீரை மண்ணுக்குள் இறங்க விடாமல் மேலாலேயே இறக்கிவிடுவதுதான் அதன் நோக்கம். அந்த வேலைக்கு ஆள் போடாவிட்டால் மழை பெய்யாத வருசத்தில் ஒன்றும் தெரியாது. மழையைத் திட்டிப் பயனில்லை, கானைக் கேள்வி கேட்கலாம்.

அதனால்தான் இந்த வினைச்சொல்லின் இலக்கணம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அதற்கு ஒரு எழுவாய் வேண்டும், யாராவது அல்லது எதுவாவது செய்தாக வேண்டும். தானாக இக்ஸாஸர்பேட் ஆகாது. தமிழில் நமக்குத் தப்பிக்கிற வழி இருக்கிறது: "நிலைமை மோசமடைந்தது." யார் மோசமாக்கியது என்ற கேள்விக்கே இடமில்லை, ஏதோ வானிலை மாதிரி அதுவாக அடைந்துகொண்டது. நம் செய்திகளில் இது எத்தனை தடவை வருகிறது என்று ஒரு நாள் எண்ணிப் பாருங்கள். ஆங்கில அறிக்கைக்காரர்களும் யோக்கியர்கள் இல்லை, எழுவாய் போட வேண்டிய இடத்தில் "வறுமை", "அறியாமை", "மதுப் பழக்கம்" என்று போட்டுவிடுவார்கள். வறுமை வந்து மோசமாக்கியதாம். வறுமை எந்த பஸ்ஸில் வந்தது?

மொழிபெயர்க்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. "தீவிரப்படுத்தியது" என்று போடுவது இப்போது வழக்கமாகிவிட்டது, எனக்கு அது பிடிக்கவில்லை, காரணம் தேடுதல் நடவடிக்கையையும் தீவிரப்படுத்துகிறோம், டெங்கு ஒழிப்பையும் தீவிரப்படுத்துகிறோம், அந்தச் சொல்லுக்குள் கெட்டது என்ற நிபந்தனை இல்லை. "மேலும் மோசமாக்கியது" நீளம், ஆனால் "மேலும்" என்ற அந்த ஒரு சொல்தான் முன்னாலேயே கேடு இருந்தது என்று சொல்கிறது, அதை விட்டுவிடாதீர்கள். நோய்க்கு "கூட்டியது", சண்டைக்கு "முற்ற வைத்தது", பகைக்கு "கொம்பு சீவியது", கஷ்டத்துக்கு "இன்னும் பாரம் ஏற்றியது". ஒரே சொல்லுக்கு ஒரே சொல் என்று பிடிவாதம் பிடித்தால் சட்டப் புத்தகம் மாதிரி வரும்.

போன மாதம் கிளினிக்குக்கு நான்தான் பெரியம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் கேட்டார், அடுப்பு எங்கே, புகை போக வழி இருக்கிறதா, பச்சை விறகா, மார்கழிப் பனியில் வேலைக்குப் போகிறாரா என்று. எல்லாவற்றுக்கும் பதிலை எழுதிக்கொண்டார். திரும்பி வரும் வழியில் பஸ்ஸில், கார்டை மடித்துச் சீலைத் தலைப்பில் முடிந்துகொண்டே பெரியம்மா கேட்டார், "இந்தத் தடவையும் அந்தக் காய்ச் சொல்லுதான் எழுதியிருக்காரா?"

இல்லை என்றேன். இந்தத் தடவை "ஸ்டேபிள்" என்று இருந்தது.

"அப்ப புகைக்கூண்டு கட்டச் சொல்லி தோட்டத்துத் தொரைக்கிட்ட யாரு எழுதுவா?"